பழியா, நீதியா?

பெண்ணொருத்திக்கு இழைக்கப்பட்ட கொடுமையை நீதிமன்றம் தண்டியாது விடவே, அவளே ஆயுதமேந்திப் பழிதீர்க்கும் கதைகளைத் திரையில் நீங்கள் கண்டிருப்பீர்கள். அவற்றுள் ஒன்று, 1980-இல் பி. ஆர். சோப்ரா இயக்கிய ‘இன்சாஃப் கா தராசு’ என்னும் இந்திப் படம். ‘நீதியின் தராசு’ என்பது பொருள். 1976-இல் வெளிவந்த ‘லிப்ஸ்டிக்’ என்னும் அமெரிக்கப் படத்தைத் தழுவியது அது. குற்றவாளி விடுதலை பெறுகிறான். பின்னர் அப்பெண்ணின் தங்கையையும் கெடுக்கிறான். அக்காள் அவனைச் சுட்டுக் கொல்கிறாள். காண்போர் நெஞ்சம் ஆறுகிறது. ஆனால், அவனை விடுவித்த விதி என்னவாயிற்று? இதற்கு விடை திரையில் இல்லை, வரலாற்றில் உண்டு.

1972 மார்ச்சில், மகாராஷ்டிர மாநிலத்துத் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்திற்கு விசாரணைக்காக அழைத்துவரப்பட்ட பழங்குடிச் சிறுமி ஒருத்தி, காவலர் இருவர் தனக்குக் கொடுமை இழைத்ததாக முறையிட்டாள். 1974-இல் செஷன்ஸ் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. 1976-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு தண்டித்தது. 1978-இல் உச்சநீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. உடலில் காயமில்லை, எதிர்த்துப் போராடிய அடையாளமில்லை என்பன அது கூறிய காரணங்கள்.

1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்னும் சட்ட அறிஞர் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் ஒன்று வரைந்தனர். இணங்குதல் வேறு, அஞ்சி அடங்குதல் வேறு என்பதை அதில் எடுத்துரைத்தனர். 1980-இல் மகளிர் அமைப்புகள் வீதிகளில் அணிவகுத்தன. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண்ணைக் கெடுக்கும் காவலர்க்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அத்தகைய வழக்கில் உறவு மெய்ப்பிக்கப்பட்டபின், தான் இணங்கவில்லை என்று பெண் சாட்சியம் அளித்தால், நீதிமன்றம் அவ்வாறே கொள்ளவேண்டும் என்பதும் சட்டமாயிற்று. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அவ்விதி நிலைத்திருக்கிறது.

பின்னர் வந்த குற்றச் சட்டம் முன்னர் நடந்த செயலுக்குப் பொருந்தாது. ஆகவே, அச்சிறுமிக்கு அதனால் பயன் விளையவில்லை. இதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. எனினும் அவளுக்குப் பின் வந்தோர்க்கு அது அரணாயிற்று.

துப்பாக்கிக் குண்டு ஒருவனை வீழ்த்தும். அவனைக் காத்த விதியோ அசையாது நிற்கும். அந்த விதியை அசைத்தது நால்வர் எழுதிய மடலும், அதன்பின் திரண்டெழுந்த மக்கள் குரலுமே ஆகும். எனவே, இத்தகைய படத்தைக் கண்டு வெளிவரும்போது, தீயவன் மாண்டான் என்று மகிழ்வதோடு நின்றுவிடாதீர்கள். அவனைத் தப்பவிட்ட விதி எது, அதனைத் திருத்தும் கடமை யாருடையது என்றும் கேளுங்கள். அக்கேள்வியே நற்குடிமக்களுக்கு அழகு.