பாராட்டு எதற்குச் சான்று? 1976 பாரிஸ் சுவைத்தேர்வை முன்வைத்து ஒரு குறிப்பு

(சற்றே நீண்ட பதிவு. வரலாற்று ஆய்வில் சான்றுகளின் தன்மை குறித்துச் சிந்திக்கும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலையடிவாரத்தில் உள்ள தொட்டபள்ளாபுரத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றின் சிவப்பு ஒயினை 2005இல் ‘டிகாண்டர்’ இதழில் சிறப்பித்துப் பாராட்டியவர் ஸ்டீவன் ஸ்பரியர். அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், கலிபோர்னியாவின் பெயரறியாத இரு சிற்றாலைகளை ஒரே பிற்பகலில் உலகப் புகழுக்கு உயர்த்திய சுவைத்தேர்வை நடத்தியவரும் அவரே. இந்தியாவில் இவ்வகைப் பாராட்டுகளைத் தேசத்தின் வெற்றியாக வாசிக்கும் வழக்கம் உண்டு. அந்த வாசிப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அறிய, மூல நிகழ்வுக்கே திரும்புவது பயன் தரும்.

1976 மே 24. அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டு. பாரிஸ் நகரில் ஒயின் கடையும் ஒயின் பயிற்சிப் பள்ளியும் நடத்திவந்த ஆங்கிலேயரான ஸ்பரியரும் அவருடைய சக பணியாளரான அமெரிக்கப் பெண்மணி பட்ரிசியா காலகரும், இன்டர்கான்டினென்டல் விடுதியில் ஒரு சுவைத்தேர்வுக்கு ஏற்பாடு செய்தனர். ஒன்பது பிரெஞ்சுத் தீர்ப்பாளர்கள் அமர்ந்தனர். ரொமானே-கோன்தி தோட்டத்தின் ஓபேர் த வில்லேன், பிரெஞ்சு ஒயின் இதழொன்றின் ஆசிரியர் ஓதெத் கான், புகழ்பெற்ற உணவகம் ஒன்றின் உரிமையாளர் ரேமோன் ஒலிவியே ஆகியோர் அவர்களுள் அடங்குவர். ஷார்டனே திராட்சையில் செய்த வெள்ளை ஒயின்கள் 10. கேபர்னே சோவின்யோன் வகையைச் சார்ந்த சிவப்பு ஒயின்கள் 10. ஒவ்வொரு பத்திலும் கலிபோர்னியாவுக்கு 6, பிரான்சுக்கு 4. பெயர்ச்சீட்டு மறைக்கப்பட்டது. ஒவ்வொருவரும் 20க்கு மதிப்பெண் இட்டனர்.

வெள்ளையில் முதலிடம் பெற்றது நாபா பள்ளத்தாக்கின் ஷாதோ மான்டலீனா, 1973. சிவப்பில் முதலிடம் அதே பள்ளத்தாக்கின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ், 1973. மூத்தோன் ரோத்சைல்ட், ஓ-பிரியோன் போன்ற போர்தோவின் பெருந்தோட்டங்கள் அதற்குப் பின்னரே நின்றன.

வென்றவர்களின் வரலாற்றையும் நோக்குவோம். ஸ்டாக்ஸ் லீப்பை நிறுவிய வாரன் வினியார்ஸ்கி சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசியல் சிந்தனை பயின்று, அங்கேயே கற்பித்தவர். 1964இல் அப்பணியைத் துறந்து குடும்பத்துடன் கலிபோர்னியாவுக்கு வந்து, பிறர் ஆலைகளில் தொழில் கற்றார். 1970இல் நட்ட கொடிகள் மூன்றே ஆண்டுகளில் தந்த விளைச்சலே அந்த ஒயின். கொடி முதிர முதிரவே ஒயினின் ஆழம் கூடும் என்பது ஐரோப்பிய நம்பிக்கை. மான்டலீனாவின் ஒயினை ஆக்கியவர் மைக் கிர்கிச். யூகோஸ்லாவியாவின் குரோவேஷியப் பகுதியில் பிறந்து, 1958இல் நாபாவை அடைந்த குடியேறி. அமெரிக்க மதுவிலக்கு (1920–1933) அந்நாட்டு ஒயின் தொழிலை ஏறத்தாழ அழித்துவிட்டிருந்தது. நாபாவின் புதிய ஆலைகள் பலவும் அந்த இடிபாட்டின் மீது 1960களிலும் 70களிலும் எழுந்தவையே.

இனி, இந்த ஆவணத்தை எவ்வாறு வாசிப்பது? நிகழ்வைப் பதிவு செய்த இதழாளர் ஒருவர் மட்டுமே: ‘டைம்’ இதழின் பாரிஸ் செய்தியாளர் ஜார்ஜ் டேபர். 1976 ஜூன் 7 இதழில் அவர் எழுதிய சிறு குறிப்பு ‘பாரிஸின் தீர்ப்பு’ என்னும் தலைப்புடன் வெளிவந்தது. கிரேக்கத் தொன்மத்தில் மூன்று தேவியருள் அழகியைத் தேர்ந்த பாரிஸ் இளவரசனை நினைவூட்டும் சிலேடை அது. டேபரின் கையில் ஒயின்களின் வரிசைப் பட்டியல் இருந்தது, தீர்ப்பாளர்களிடம் இல்லை. ஆகவே அவர்களுடைய பிழைகளை அவரால் அந்தக் கணத்திலேயே கவனிக்க முடிந்தது. கலிபோர்னிய வெள்ளை ஒயினைச் சுவைத்த ஒருவர், மீண்டும் பிரான்சுக்கு வந்துவிட்டோம் என்று ஆறுதல் கொண்டார். பர்கண்டியின் உயர்ந்த வெள்ளை ஒயின் ஒன்றை வேறொருவர், மணமே இல்லை, இது கலிபோர்னியா என்று ஒதுக்கினார். முடிவு தெரிந்தபின் ஓதெத் கான் தம் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார் என்பதும் பதிவாகியுள்ளது.

பொதுவாக இக்கதை ‘கலிபோர்னியா பிரான்சை வென்றது’ என்றே சொல்லப்படுகிறது. அந்த முடிவைத் தாங்கும் வலிமை இச்சான்றுக்கு இல்லை. முதலாவதாக, 6க்கு 4 என்னும் எண்ணிக்கை சமமன்று. இரண்டாவதாக, பல்லாண்டு முதிர்வதற்கென ஆக்கப்பட்ட போர்தோ ஒயின்கள் இளமையிலேயே சுவைக்கப்பட்டன. (2006இல் நடந்த மறுதேர்வில் அதே சிவப்பு ஒயின்கள் முதிர்ந்த நிலையிலும் முதல் ஐந்து இடங்கள் கலிபோர்னியாவுக்கே சென்றன என்பதையும், ஆனால் முதலிடம் வேறோர் ஆலைக்குப் போனது என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.) மூன்றாவதாக, மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கும் முறையிலேயே குறை உண்டு. ஒருவர் 2 முதல் 17 வரையும், மற்றொருவர் 10 முதல் 14 வரையும் மதிப்பெண் இட்டால், முன்னவர் வாக்குக்கு எடை கூடிவிடும். பொருளியலாளர்களான ஆர்லி ஆஷன்ஃபெல்டரும் ரிச்சர்ட் குவான்டும் இதனைச் சுட்டிக்காட்டி, மதிப்பெண்களைத் தரவரிசையாக மாற்றிக் கணக்கிட வேண்டும் என்றனர்.

நான்காவது, சுவைஞரின் நிலைப்பாடு பற்றியது. கலிபோர்னிய மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் ஒரே புட்டியின் ஒயினை ஒரே சுற்றில் மும்முறை, அறிவிக்காமல் ஊற்றிக் கொடுத்துச் சோதித்த ராபர்ட் ஹாட்ஜ்சன், தம் முடிவுகளை 2008இல் வெளியிட்டார். மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பிட்ட தீர்ப்பாளர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவரே.

அப்படியானால் 1976 நிகழ்வு பொருளற்றதா? இல்லை. அது எதை நிறுவவில்லை என்பதை வரையறுத்தால்தான், எதை நிறுவியது என்பது புலப்படும். போர்தோவின் தரவரிசை 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக்காக வகுக்கப்பட்டது. வகுத்தவர்கள் வணிகத் தரகர்கள். அளவுகோல் சந்தை விலை. மூத்தோன் ரோத்சைல்ட் 1973இல் முதல் தகுதிக்கு உயர்த்தப்பட்டது தவிர, முதல் வரிசையில் பிறிதொரு மாற்றம் நிகழவில்லை. அந்தப் படிநிலை மண்ணிலேயே இயற்கையாக அமைந்தது, பயின்ற நாவு அதனைத் தவறாமல் கண்டறியும் என்பதே நம்பிக்கை. இந்நம்பிக்கையை மறுக்க ஒன்பது பேரின் தடுமாற்றம் போதும். பெயரை மறைத்தபோது, அந்தப் பெயருக்குக் காவலாக நின்றவர்களாலேயே அதனை அடையாளம் காண இயலவில்லை. ஒரு பாராட்டு ஓர் ஒயினை உலகில் சிறந்ததென்று நிறுவ வலுவற்றது. இன்ன மண்ணில்தான் நல்ல ஒயின் விளையும் என்னும் முற்கோளைத் தகர்க்க வலுவுடையது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதிலிருந்தே நம் பிழைகள் தோன்றுகின்றன.

பாராட்டு மறைப்பனவும் உண்டு. தோட்டத்து ஒயின் என்று நாம் போற்றும்போது, ஆலையின் பெயர் தாங்கிய மண்ணே பேசுகிறது என்று கருதுகிறோம். ஆனால் வென்ற வெள்ளை ஒயினுக்கான திராட்சை மான்டலீனாவின் சொந்தக் கொடிகளில் விளைந்ததன்று. சோனோமா உள்ளிட்ட பகுதிகளின் விவசாயிகளிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டது. வெற்றியின் பெயர் அவர்களைச் சேர நெடுங்காலம் ஆயிற்று. கலிபோர்னியத் திராட்சைத் தொழிலாளர் வரலாறும் இதனுடன் சேர்த்து வாசிக்கத்தக்கது. நாபாவுக்குத் தெற்கே, மையப் பள்ளத்தாக்கின் டிலானோவில் 1965இல் லாரி இட்லியோங் தலைமையிலான பிலிப்பினோத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்க, சீசர் சாவேசின் மெக்சிகோ வழித் தொழிலாளர்கள் இணைய, திராட்சைப் புறக்கணிப்பு நாடு முழுதும் பரவியது. பண்ணைத் தொழிலாளர்க்குச் சங்கமாகும் உரிமையை உறுதி செய்த கலிபோர்னியச் சட்டம் 1975இல் நிறைவேறியது. பாரிஸ் தேர்வுக்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன். இவ்விரு நிகழ்வுகளும் ஒரே மாநிலத்தின் ஒரே பயிரைப் பற்றியவை. ஆயினும் ஒயின் வரலாற்று நூல்களில் முதலாவது அரிதாகவே இடம்பெறுகிறது.

மீண்டும் நந்தி மலைக்கு வருவோம். கன்வல் குரோவர் என்னும் தொழிலதிபர், ஷாம்பெய்ன் வட்டாரத்து வல்லுநர் ஜார்ஜ் வெசலின் துணையுடன் பிரெஞ்சுத் திராட்சை வகைகளைச் சோதித்துப் பார்த்து 1980களில் உருவாக்கிய தோட்டம் அது. பின்னர் 1990களின் நடுவில் போர்தோவின் மிஷேல் ரோலான் ஆலோசகராக இணைந்தார். ஸ்பரியரின் பாராட்டை ‘இந்திய ஒயின் உலகத்தரம் எய்தியது’ என்று வாசிப்பதைவிட, வெப்பமண்டலத்தில் நல்ல ஒயின் ஆகாது என்னும் கருத்தின் மீது விழுந்த ஓர் அடியாக வாசிப்பதே பொருந்தும். ஐரோப்பியக் கொடி குளிர்காலத்தில் உறங்கும். தக்காணத்தில் அதற்கு உறக்கம் இல்லை. எனவே ஆண்டுக்கு இருமுறை கவாத்து: அறுவடைக்குப் பின் ஏப்ரலில் ஒன்று, மழை ஓயும் செப்டம்பர்–அக்டோபரில் மற்றொன்று, அறுவடை பிப்ரவரி, மார்ச்சில். இந்தக் கவாத்து முறை எந்தப் பிரெஞ்சு ஆலோசகரும் கொண்டுவந்ததன்று. தக்காணத்துத் திராட்சை விவசாயிகள் நெடுங்காலப் பழக்கத்தில் கைக்கொண்டது. நந்தி மலையைச் சுற்றிப் ‘பெங்களூர் புளூ’ திராட்சையை விளைவித்துவரும் சிறு விவசாயிகளின் அறிவும் அதில் அடங்கும். ஆனால் பாராட்டுரைகளில் தோட்ட உரிமையாளரும் ஆலோசகரும் பெயர் பெறுகின்றனர்; கத்தரி பிடித்த கை பெயர் பெறுவதில்லை.

இலக்கிய விமரிசனமாயினும் கலைக் கண்காட்சிக் குறிப்பாயினும் ஒயின் மதிப்புரையாயினும், பாராட்டை மூலச் சான்றாகக் கொள்ளும் மாணவர் அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றேதாம். தீர்ப்பாளர் யார், அவருக்கு எது தெரிந்திருந்தது, எது மறைக்கப்பட்டது, எதனோடு எது ஒப்பிடப்பட்டது, அந்தத் தீர்ப்பு எந்த முற்கோளை உடைத்தது, எவர் உழைப்பு அதில் பெயரின்றி நின்றது. 1976இல் வென்ற இரு ஒயின்களின் புட்டிகளும் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ளன. அவற்றின் முன் நின்று பெயர்ச்சீட்டை வாசிப்பவர், அந்தப் பெயர்களை மறைத்து வைத்ததனால்தான் அப்புட்டிகள் அங்கு வந்து சேர்ந்தன என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.