மென்படலத்தில் ஒளியைத் தேக்கிய வரலாறு

ஒளியினின்று மின்சாரம் பெறலாம் என்னும் உண்மையைப் பிரெஞ்சு அறிஞர் பெக்கரல் 1839-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். ஆயினும், பயன்படத்தக்க சிலிக்கன் மின்கலம் தோன்ற மேலும் 115 ஆண்டுகள் சென்றன. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவரும் செய்த கலம், தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்னாக்கிற்று.

அதன் குறை விலையே. தூய சிலிக்கன் படிகத்தை வில்லைகளாக அறுக்கையில் பெரும்பகுதி தூளாய் வீணாகும். ஆதலின், சிலிக்கனை மெல்லிய படலமாகப் படியவைக்கும் எண்ணம் எழுந்தது. ஆனால் படலம் மெலிய மெலிய ஒளி அதில் தங்குவதில்லை. படிகச் சிலிக்கன் நீல ஒளியின் பெரும்பகுதியை ஒரு மைக்ரோமீட்டருக்குள்ளேயே விழுங்கிவிடும். செந்நிறத்திற்கு அப்பாற்பட்ட கதிர்களுக்கோ 100 மைக்ரோமீட்டரும் போதாது. தலைமயிர் ஒன்றின் பருமனே ஏறத்தாழ அவ்வளவுதான்!

1976-இல் ஆர்.சி.ஏ. ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த கார்ல்சனும் விரான்ஸ்கியும் படிகமற்ற சிலிக்கனால் ஒரு கலம் செய்தனர். அதன் திறன் 2.4 விழுக்காடு. இவ்வகைச் சிலிக்கன் கண்ணுக்குப் புலனாகும் ஒளியைப் படிகத்தினும் நன்கு உட்கொள்ளும். எனினும் சிவப்பொளியில் ஒரு பங்கு தப்பிவிடும். படலத்தைத் தடிப்பாக்கினால் என்ன? மறு ஆண்டே அவ்வழியும் அடைபட்டது. வெயிலில் கிடந்தால் இப்பொருளின் தரம் குன்றுகிறது என்பதை ஸ்டேப்ளரும் விரான்ஸ்கியும் 1977-இல் வெளியிட்டனர். தடித்த படலமே இதனால் மிகுதியும் கெடும். எனவே, படலம் மெலிந்தே இருக்கவேண்டும். ஒளியே அதனுள் நெடுந்தொலைவு நடக்கவேண்டும்.

இதற்கு வழிகாட்டியவர்களுள் தலையாயவர் யாப்லனோவிச். வழவழப்பான படலத்தின் பின்னே ஆடியை வைத்தால், ஒளி ஒருமுறை திரும்பி வந்து வெளியேறிவிடும். பரப்பைச் சொரசொரப்பாக்கினாலோ கதிர்கள் எல்லாத் திசைகளிலும் சிதறும். சிலிக்கனின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 3.5. ஆதலால் செங்குத்துக் கோட்டினின்று 17 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் கதிர் வெளியேற இயலாது. வகுப்பில் நீர்த்தொட்டியைக் கொண்டு ஆசிரியர்கள் விளக்கும் முழு அகப் பிரதிபலிப்பே இது. சிதறிய ஒளியில் பன்னிரண்டில் ஒரு பங்கே ஒவ்வொரு முறையும் தப்பும். இவ்வாறு ஒளியின் பாதை படலத்தின் பருமனைப்போல் 50 மடங்கு வரை நீளலாம் என்று 1982-இல் அவர் கணக்கிட்டுக் காட்டினார். மெருகிடுவதையே சிறப்பெனக் கருதும் உலகில் கரடுமுரடு பயன் தந்தது வியப்பன்றோ!

நடைமுறையில் 50 மடங்கு எட்டவில்லை. உலோக ஆடியில் படுந்தோறும் ஒளி சிறிது அழியும். மேடுபள்ளம் கூர்மையானால் அதன்மேல் வளரும் படலத்தில் பிளவு விழும். 1994-இல் சுவிட்சர்லாந்தின் நெஷாத்தெல் நகர ஆய்வாளர்கள் படிகமற்ற படலத்தின்கீழ் நுண்படிகப் படலமொன்றை அடுக்கி, தப்பிய செவ்வொளியையும் பிடித்தனர். ஒளியின் அலைநீளத்தினும் மெல்லிய படலத்தில் யாப்லனோவிச்சின் எல்லையையும் கடக்கலாம் என 2010-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நிறுவினர்.

அதற்குள் படிக வில்லைகளின் விலை வெகுவாக வீழ்ந்தமையால், மென்படலச் சிலிக்கன் கூரைச் சந்தையை இழந்தது. வில்லைக் கலங்களிலும் காரநீரால் அரித்த நுண்கூம்புகள் ஒளியைப் பிடிக்கின்றன. மென்படலமோ, கைக்கணக்குப் பொறிகளின் தலைப்பில் கரும்பழுப்புப் பட்டையாக இன்றும் காணப்படுகிறது.