சொல்வதெழுதுதலில் தேறினால்தான் ஆஸ்திரேலியரா?

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். "ஆஸ்திரேலியக் குடியுரிமை" என்ற ஒன்று எந்த வருடம் வந்தது? கேப்டன் பிலிப் சிட்னியில் கொடி நட்ட 1788 என்று சிலர் சொல்வீர்கள். ஆறு காலனிகள் சேர்ந்து ஒரே நாடான 1901 என்று சிலர் சொல்வீர்கள். இரண்டும் இல்லை. 1949 ஜனவரி 26! அதற்கு முன்னால் சட்டத்தின் கண்ணில் "ஆஸ்திரேலியக் குடிமகன்" என்று ஒருவர் கூடக் கிடையாது. எல்லோரும் பிரிட்டிஷ் பிரஜைகள், அவ்வளவுதான்.

யார் உள்ளே என்று எழுதிவைக்க 48 வருடம் எடுத்துக்கொண்ட நாடு, யார் வெளியே என்று எழுத ஒரு வருடம் கூட எடுக்கவில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஐம்பது வார்த்தைப் பரீட்சை

1901 டிசம்பரிலேயே குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. நோக்கம், வெள்ளையர் அல்லாதவர்களைத் தடுப்பது. ஆனால் அதை வெளிப்படையாக எழுத லண்டன் சம்மதிக்கவில்லை. இந்தியர்களும் அதே ராஜாவின் பிரஜைகள், ஜப்பானையும் பகைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இந்தியர்களைத் தடுக்க 1897-ல் போட்ட சட்டத்தின் பாணியைப் பின்பற்றினார்கள். (அந்த இந்தியர்களில் கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் தமிழர்களும் நிறையப் பேர்.)

ஆஸ்திரேலியா வைத்த பரீட்சை நாம் மூன்றாம் வகுப்பில் எழுதிய அதே சொல்வதெழுதுதல்! அதிகாரி ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது வார்த்தை வாசிப்பார், வந்தவர் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்தால் பிரெஞ்சு, பிரெஞ்சும் தெரிந்தால் வேறொன்று. 1909-க்குப் பிறகு இதில் ஒருவர் கூடத் தேறவில்லை.

1934-ல் இது சந்தி சிரித்தது. எகோன் கிஷ் என்ற செக் பத்திரிகையாளர் நாஜிகளுக்கு எதிராகப் பேச வந்தார். இறங்க அனுமதி இல்லை என்றதும் மெல்போர்னில் கப்பலிலிருந்து குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். பல மொழி தெரிந்த மனிதர் என்பதால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பரீட்சை வைத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது (அங்கே அதுதான் நாட்டின் உச்ச மன்றம்). அந்தச் சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழிகளில் கேலிக் சேராது என்று தீர்ப்பாகி கிஷ் ஜெயித்தார். ஆனால் பரீட்சை 1958 வரை நீடித்தது.

கூலிக் கணக்கு

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எனக்கு இதில் இன்னொன்றும் தெரிகிறது. இது வெறும் நிற வெறுப்பு மட்டும் இல்லை, கூலிக் கணக்கும் கூட. குயின்ஸ்லாந்து தோட்டங்களுக்கு 1863 முதல் பசிபிக் தீவுக்காரர்களைக் குறைந்த கூலிக்குக் கொண்டுவந்தார்கள். ஏமாற்றியும் கடத்தியும் கொண்டுவந்ததும் உண்டு. இவர்கள் இருக்கும்வரை தங்கள் சம்பளம் ஏறாது என்று தொழிற்சங்கங்கள் பயந்தன. அதே 1901-ல் தீவுக்காரர்களைத் திருப்பி அனுப்ப ஒரு சட்டம் வந்தது. வெள்ளையர் உழைப்பில் விளைந்த சர்க்கரைக்கு அரசு சலுகைப் பணமும் கொடுத்தது. ஒரு பொருளின் விலையில் தோலின் நிறத்தையும் சேர்த்த கணக்கு!

1907-ல் ஹார்வெஸ்டர் தீர்ப்பு வந்தது. ஒரு சாதாரணத் தொழிலாளி மனைவி, மூன்று குழந்தைகளோடு கௌரவமாக வாழ நாளுக்கு ஏழு ஷில்லிங் வேண்டும் என்றார் நீதிபதி ஹிகின்ஸ். உலகமே பாராட்டிய யோசனை. அந்த நியாயமான கூலியும் மேலே சொன்ன மூடிய கதவும் ஒரே காலத்துப் பிள்ளைகள் என்பதுதான் சங்கடமான விஷயம்.

வீட்டுக்குள்ளேயே வெளியாட்கள்

வெளியிலிருந்து வந்தவர்கள் கதை இது. பல்லாயிரம் வருடங்களாக அங்கேயே இருந்தவர்கள் கதி என்ன? நாட்டின் ஜனத்தொகையை எண்ணும்போது பழங்குடிகளைச் சேர்க்கக் கூடாது என்றது அரசியல் சட்டத்தின் 127-வது பிரிவு. 1902-ல் பெண்களுக்கு ஓட்டு கொடுத்து உலகுக்கு வழிகாட்டிய அதே சட்டம், பழங்குடிகளில் பெரும்பாலோருக்கு ஓட்டை மறுத்தது. அங்கே வாழ்ந்த இந்தியர்களுக்கும் 1925 வரை இல்லை.

1938 ஜனவரி 26 அன்று சிட்னி 150-வது ஆண்டைக் கொண்டாடியபோது, வில்லியம் கூப்பர், ஜாக் பேட்டன், வில்லியம் ஃபெர்குசன் முதலிய பழங்குடித் தலைவர்கள் அதைத் துக்க நாளாக அனுசரித்துக் கூட்டம் போட்டார்கள். அவர்கள் கேட்டது முழுக் குடியுரிமை.

1949-ல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது பழங்குடிகளும் காகிதத்தில் குடிமக்கள் ஆனார்கள். ஆனால் நாடு தழுவிய தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டுரிமை 1962-ல்தான் வந்தது. 127-வது பிரிவு போனது 1967 பொது வாக்கெடுப்பில், 90 சதவீதத்துக்கும் மேல் ஆதரவோடு. நடுவில் பதினெட்டு வருடம், குடிமகன் உண்டு, கணக்கில் இல்லை!

கத்தி திரும்பியது

ஆள் பிரிக்கும் கத்திக்கு எந்தப் பக்கமும் கூர்தான். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் பாராளுமன்றத்தில் உட்காரக் கூடாது என்கிறது 44-வது பிரிவு. 1901-ல் பிரிட்டன் வெளிநாடு இல்லை. 1999-ல் உயர் நீதிமன்றம் பிரிட்டனும் அந்நிய நாடுதான் என்றது. 2017-ல் பெரிய கூத்தே நடந்தது. அப்பா நியூசிலாந்துக்காரர் என்பதால் துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸுக்குத் தானாகவே அந்த நாட்டுக் குடியுரிமை இருந்தது தெரியவந்து பதவி பறிபோனது. (அதை ரத்து செய்துவிட்டு இடைத்தேர்தலில் ஜெயித்து வந்துவிட்டார்.) தலைமுறை தலைமுறையாக ஆஸ்திரேலியர் என்று நினைத்தவர்களெல்லாம் தாத்தா பாட்டி பிறந்த ஊரைத் தேட ஆரம்பித்தார்கள்.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது 2020 தீர்ப்பு. பெற்றோரில் ஒருவர் மட்டும் பழங்குடியாக இருக்க, வெளிநாட்டில் பிறந்து, சிறு வயதிலேயே ஆஸ்திரேலியா வந்து, குடியுரிமை வாங்காமலே வளர்ந்த இரண்டு பேரைச் சிறைத்தண்டனைக்குப் பிறகு நாடு கடத்தப் பார்த்தது அரசு. பழங்குடி ஆஸ்திரேலியர் குடியுரிமை இல்லாவிட்டாலும் அந்த மண்ணுக்கு "அந்நியர்" ஆக முடியாது என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1949-ல் காகிதம் இருந்தது, நாட்டில் இடம் இல்லை. 2020-ல் காகிதம் இல்லை, இடம் உண்டு. குடியுரிமையும் சொந்தமும் ஒரே கணக்குத் தலைப்பு இல்லை என்று ஒரு நாடு ஒப்புக்கொள்ள எழுபது வருடம் ஆகியிருக்கிறது.

கணக்கு இன்னும் முடியவில்லை. பழங்குடிகளின் குரலுக்கு அரசியல் சட்டத்தில் இடம் கேட்ட 2023 வாக்கெடுப்பு தோற்றது, சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இன்னொரு பக்கம், 2021 கணக்கெடுப்பில் ஜனத்தொகையில் 27.6 சதவீதம் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பிறந்த நாடுகளின் வரிசையில் ஆஸ்திரேலியா, இங்கிலாந்துக்கு அடுத்து இந்தியா! குடியுரிமைக்கு இப்போதும் பரீட்சை உண்டு, இருபது கேள்வி. ஆனால் படிக்க வேண்டிய புத்தகத்தை அரசே இலவசமாகத் தருகிறது. தோற்கடிப்பதற்கென்றே வைத்த பரீட்சைக்கும் தேறட்டும் என்று வைக்கும் பரீட்சைக்கும் உள்ள தூரம்தான் இந்த நூற்றிருபது வருட சரித்திரம்.

ஒரு நாட்டுக்காரர் என்று ஒருவரை ஆக்குவது எது? பிறந்த இடமா, கையில் உள்ள காகிதமா, மற்றவர்கள் நம்மை எண்ணிக்கொள்வதா? ஆஸ்திரேலியா மூன்றையும் முயன்று பார்த்துவிட்டது. உங்கள் பதில் என்ன?