வெந்நீர்த் தொட்டிக்கு மூடி போட்ட கதை

மழைக்காலம் தொடங்கிவிட்டால் நம் குடியிருப்பில் ஒரு புகார் தவறாமல் வரும்: "கீசரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது." சொட்டுவது பெரும்பாலும் தொட்டியிலிருந்து அல்ல, குளிர்ந்த நீர் உள்ளே போகும் இடத்தில் பொருத்தியிருக்கும் சின்ன வால்விலிருந்து. "ஒரு டம்மி போட்டு அடைச்சிடுங்க" என்று பிளம்பரிடம் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. சொட்டு நின்றுவிடும். ஆனால் அந்த வால்வு ஏன் அங்கே இருக்கிறது என்பதற்குப் பின்னால் முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் யாரும் அதை அடைக்கச் சொல்ல மாட்டார்கள்.

கீசர் வருவதற்கு முன் நம் வீடுகளில் வெந்நீர் என்றால் விறகடுப்பில் ஏற்றிய தவலை, அல்லது தாமிர பாய்லர். நடுக்குழாயில் கரியைப் போட்டு எரிப்பார்கள், சுற்றிலும் தண்ணீர், கீழே பித்தளைக் குழாய். மேல்மூடி சும்மா வைத்ததுதான். தண்ணீர் கொதித்தால் ஆவி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். புகை கண்ணை எரிக்கும், கை சுடும். ஆனால் உள்ளே அழுத்தம் சேர வழியே இல்லை.

'கீசர்' என்ற பெயர் வந்தது 1868-ல். லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் என்ற பெயின்டர், எரிவாயுவில் உடனடியாக நீரைச் சூடாக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஐஸ்லாந்தில் பீறிட்டு எழும் வெந்நீர் ஊற்றின் பெயரை அதற்கு வைத்தார். அந்தக் கருவியில் எரிந்த வாயு வெளியேறப் புகைபோக்கி கிடையாது. குளியலறைக்குள்ளேயே நச்சு வாயு தங்கும். இன்றும் காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைப்பதால் உயிர்கள் போகின்றன. ஆபத்து மாகன் காலத்ததுதான், ஊர்தான் வேறு.

அடுத்த படி 1889-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்தது. நார்வேயில் பிறந்த எட்வின் ரூட் என்ற பொறியாளர், நீரைத் தொட்டியில் சேமித்துத் தானாகவே சூடாக்கி வைத்திருக்கும் ஹீட்டரை உருவாக்கினார். நம் குளியலறைச் சுவரில் தொங்கும் 15 லிட்டர், 25 லிட்டர் கீசர்கள் அந்த வழியில் வந்தவை. வசதி பெருகியது. ஆனால் சும்மா வைத்திருந்த மூடி போய், எல்லாப் பக்கமும் அடைத்த தொட்டி வந்தது. அடைத்த தொட்டிக்குக் காவல் தேவை. அந்தக் காவல்கள் மூன்று.

முதல் காவல், வால்வு. 25 டிகிரியில் இருக்கும் 25 லிட்டர் நீரை 65 டிகிரிக்குச் சூடாக்கினால் அது சுமார் 400 மில்லி விரிகிறது. ஏறக்குறைய இரண்டு டம்ளர். தொட்டி விரியாது, ஆகவே அந்த இரண்டு டம்ளர் எங்காவது போயாக வேண்டும். உள்ளே வந்த நீர் திரும்பிப் போகாதபடி தடுப்பு இருக்கும் இணைப்புகளில் அது வால்வு வழியாகச் சொட்டும். அது பழுதல்ல, வால்வு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்.

இன்னும் பெரிய ஆபத்தும் உண்டு. வெப்பக் கட்டுப்பாடு பழுதாகி ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தால், அடைத்த தொட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 8 மடங்கானால் சுமார் 170 டிகிரி வரை தண்ணீராகவே இருக்கும். அந்த நிலையில் தொட்டி கிழிந்தால் ஒரு பகுதி கணத்தில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடம் கேட்கும்.

இதை முதலில் சந்தித்தவர் பிரான்ஸில் பிறந்த டெனிஸ் பேப்பின். 1679-ல் லண்டனில் அவர் எலும்பை மிருதுவாக வேகவைக்கும் அடைத்த பாத்திரம் ஒன்றைச் செய்தார். இன்றைய பிரஷர் குக்கரின் மூதாதை அதுதான். வெடிக்காமல் இருக்க அவர் பொருத்திய எடைவைத்த வால்வுதான் நம் குக்கர் வெயிட்டுக்கும் கீசர் வால்வுக்கும் மூலம்.

வால்வை அடைத்தால் என்ன ஆகும் என்பதையும் வரலாறு காட்டிவிட்டது. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் 'பெஸ்ட் ஃபிரெண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்' என்ற ரயில் எஞ்சின் ஓடியது. 1831 ஜூன் 17 அன்று, பாதுகாப்பு வால்வில் ஆவி சீறும் சத்தம் தொல்லையாக இருக்கிறதென்று எஞ்சினில் தீ மூட்டும் தொழிலாளி அதை மூடிவிட்டதாகச் சொல்லப்படுகிறது. பாய்லர் வெடித்தது, அவர் இறந்தார். அவருக்குத் தொல்லையாக இருந்தது சத்தம். நமக்குத் தொல்லையாக இருப்பது சொட்டு.

இரண்டாவது காவல், தெர்மோஸ்டாட். 1830-ல் ஸ்காட்லாந்து வேதியியலாளர் ஆண்ட்ரூ யூர் இந்தப் பெயரில் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு வேறு உலோகப் பட்டைகளை ஒட்டிவைத்தால், சூட்டில் ஒன்று மற்றதைவிட அதிகம் நீளும், பட்டை வளையும், அந்த வளைவே வெப்பத்தைக் கட்டுப்படுத்தும். இன்றைய கீசர்களில் இதற்குத் துணையாக, சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 'கட்-அவுட்' ஒன்றும் இருக்கிறது.

மூன்றாவது காவல் கண்ணுக்குத் தெரியாது. தொட்டிக்குள் தொங்கும் மக்னீசியக் கம்பி அது. 'ஆனோட் ராடு' என்பார்கள். 1824-ல் ஹம்ஃப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடியில் போர்த்திய செப்புத் தகடு கடல்நீரில் அரிக்கப்படாமல் இருக்க, அதோடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டைச் சேர்த்தார். அந்தத் துண்டு அரிபட்டது, செம்பு தப்பியது. மக்னீசியத்தை 1808-ல் முதலில் பிரித்தெடுத்தவரும் அவரே. கீசரில் நடப்பதும் அதேதான்: கம்பி கரைந்து தொட்டியைக் காக்கிறது. கம்பி முழுவதும் கரைந்துவிட்டால், உட்பூச்சில் நுண்ணிய விரிசல் உள்ள இடங்களில் துரு பிடிக்கத் தொடங்கும்.

இனி நாம் செய்ய வேண்டியவை:

வால்வை ஒருபோதும் அடைக்காதீர்கள். சொட்டும் வாயில் ஒரு மெல்லிய டியூபை மாட்டித் தரை வடிகாலுக்கு விட்டால் போதும். கீசர் அணைந்திருக்கும்போதும் நிற்காமல் ஒழுகினால் நீர் அழுத்தம் அதிகம், அல்லது வால்வு பழுது. அழுத்தத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், தேவையென்றால் வால்வை மாற்றுங்கள்.

சூட்டை 55 முதல் 60 டிகிரிக்குள் வையுங்கள். மிகவும் குறைத்தால் தேங்கிய வெதுவெதுப்பில் கிருமி வளரும்; மிகவும் கூட்டினால் உப்புப் படிவு கூடும், கையும் வெந்துபோகும்.

ஆண்டுக்கு ஒரு முறை, சீசனுக்கு முன்பே, மின்சாரத்தை அணைத்துவிட்டுத் தொட்டியை வடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். போர்வெல் நீர் வரும் வீடுகளில் உப்பு சீக்கிரம் படியும். அப்போதே ஆனோட் ராடையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்கம்பி தெரிகிற அளவுக்குக் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். புதுத் தொட்டியின் விலையோடு பார்த்தால் அந்தக் கம்பியின் விலை கொஞ்சம்தான்.

கேஸ் கீசர் இருந்தால் அது குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும்.

வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது ஆவி சீறினாலோ, தொட்டி வழக்கத்துக்கு மாறாகக் கொதிக்கும் சத்தம் போட்டாலோ, கீசரைத் தொடாமல் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு, எல்லோரும் அங்கிருந்து விலகி, டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்களும் வீட்டு உரிமையாளரின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். நம் வீட்டுச் சுவருக்கு அடுத்த பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கிறது.