சத்துணவு முட்டை

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மதிய உணவோடு வழங்கப்படும் வேகவைத்த கோழிமுட்டையே சத்துணவு முட்டை. பள்ளி நடக்கும் ஐந்து நாளும் பிள்ளைக்கு ஒன்று. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பக்கத்து மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் இதே கணக்குதான்.

சென்னையில் பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடும் வழக்கம் முட்டையைவிட வெகு மூத்தது. பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920இல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் அது தொடங்கியது. செலவு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவைத் தாண்டக்கூடாது என்று நிபந்தனை. தியாகராய நகர் அவர் பெயரைத் தாங்கியது. காமராசரின் 1956 மதிய உணவிலோ, எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1இல் தொடங்கிய சத்துணவிலோ முட்டை இடம்பெறவில்லை. மு. கருணாநிதி ஆட்சியில் 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வந்தது. 1998இல் வாரம் ஒன்று, 2006இல் இரண்டு, 2007இல் மூன்று, 2010இல் ஐந்து என ஏறியது. 2013க்குப் பிறகு கலவை சாதங்களோடு மிளகு முட்டை, மசாலா முட்டை என்று ருசியும் கூடியது.

உரித்த 50 கிராம் முட்டையில் ஏறத்தாழ 72 கலோரி, 6 கிராம் புரதம், 5 கிராம் கொழுப்பு உண்டு. அளவைவிடத் தரமே முக்கியம். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. முட்டையில் அது தாராளம். எனவே வெறும் சோற்றைவிட முட்டையோடு உண்ணும் சோறு வளரும் உடம்புக்கு நன்றாகப் பயன்படுகிறது. பருப்பும் இதைச் செய்யும், ஆனால் சாம்பார் நீர்த்துப்போனால் செய்யாது.

உடற்பயிற்சிக் கூடம் போகும் இளைஞர்கள் மஞ்சள் கருவைத் தூக்கி எறிவது வீண் வேலை. புரதத்தில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் அதில்தான் இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, பி12, மூளைக்கும் கல்லீரலுக்கும் வேண்டிய கோலின் ஆகியவற்றின் பெரும்பகுதியும் அங்கேதான். கேரட், கீரையின் நிறமிச் சத்துகளைக் குடல் உறிஞ்சவும் மஞ்சள் கருவின் கொழுப்பு உதவும். சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்டிராலும் அதில் உண்டு என்பதே பழைய அச்சம். உணவில் நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற உச்சவரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டிகள் 2015இல் கைவிட்டன. நலமாக இருக்கும் பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒன்று தீங்கில்லை. சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பச்சையாகக் குடித்தால் பலம் என்பதும் தவறு. வெந்த முட்டையின் புரதமே எளிதில் செரிக்கும். பச்சை வெள்ளைக் கருவிலுள்ள அவிடின், பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சால்மொனெல்லா கிருமி பயமும் உண்டு. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, மஞ்சள் கருவின் நிறம் தீவனத்தைப் பொறுத்தது. நாட்டுக்கோழி முட்டைக்குக் கூடுதல் விலை கொடுப்பது ருசிக்காக என்றால் சரி, சத்துக்காக என்றால் வித்தியாசம் சொற்பமே.

முட்டை முழு உணவு அல்ல. வைட்டமின் சியும் நார்ச்சத்தும் அதில் இல்லை. இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு, அதிலும் உடம்பில் சேர்வது கொஞ்சம்தான். முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் தனியாக வேண்டும்.

முட்டை உண்ணாத பிள்ளைக்குச் சத்துணவில் வாழைப்பழம் தரப்படுகிறது. மயிலாப்பூர் போன்ற, சைவ வீடுகள் மிகுந்த பகுதியில் இது பொருட்படுத்த வேண்டிய ஏற்பாடு. ஆனால் 100 கிராம் பழத்தில் புரதம் ஒரு கிராம் அளவே; பி12 அறவே இல்லை. பழம் நல்லதுதான், முட்டைக்கு ஈடு அல்ல. அந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு டம்ளர் பாலோ தயிரோ, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோடு தினமும் கிடைக்கப் பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும்.