இரவு 2 மணிக்கு அலாரம்... கையில் கார்ன்ஃப்ளார் தண்ணீர்! ‘ஜிஎஸ்டி’ பாதித்த குழந்தையின் வீட்டில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

ராத்திரி 2 மணி. அலாரம் அடிக்கிறது. அம்மா எழுந்து, எடை போட்டு வைத்திருக்கும் வெள்ளை மாவைப் பச்சைத் தண்ணீரில் கலக்கிறார். அரைத் தூக்கத்தில் இருக்கும் 4 வயது பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்துக் குடிக்க வைக்கிறார். அடுத்த அலாரம் காலை 6 மணிக்கு. அது அப்பாவின் முறை.

இது ஏதோ காய்ச்சல் வந்த ஒரு நாள் கதை இல்லை. வருஷம் முழுக்க இப்படித்தான். ‘கிளைகோஜன் ஸ்டோரேஜ் டிசீஸ்’ முதல் வகை என்ற அரிய மரபணு நோய் பாதித்த குழந்தைகளின் வீட்டு நிலவரம் இது. சுருக்கமாக ‘ஜிஎஸ்டி’ என்பார்கள். (வரி ஜிஎஸ்டி இல்லைங்க!) சுமார் 1 லட்சம் பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இது வரலாம்.

கல்லீரலில் என்ன சிக்கல்?

நாம் சாப்பிடும் சோறு, இட்லியில் இருந்து வரும் குளுக்கோஸில் ஒரு பகுதியைக் கல்லீரல் ‘கிளைகோஜன்’ ஆகச் சேமித்து வைக்கும். சாப்பிடாத நேரத்தில், குறிப்பாகத் தூங்கும்போது, அதை உடைத்து ரத்தத்துக்குள் விடும். அந்தக் கடைசி வேலையைச் செய்வது ‘குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டேஸ்’ என்ற நொதி. ஜிஎஸ்டி முதல் வகையில் அது வேலை செய்யாது. குடோனில் மூட்டை மூட்டையாக அரிசி இருக்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை என்பது போல. கல்லீரல் வீங்கிக்கொண்டே போகும். ரத்தத்திலோ சர்க்கரை இருக்காது.

பிறந்த புதிதில் குழந்தை அடிக்கடி பால் குடிப்பதால் பெரும்பாலும் தெரியாது. 3 முதல் 6 மாதத்தில், ராத்திரி பால் குடிக்கும் இடைவெளி கூடும்போதுதான் பிரச்னை வெளியே வரும். விடிகாலையில் வியர்த்துத் துவண்டு கிடப்பது, வலிப்பு, வேகமாக மூச்சு வாங்குவது எல்லாம் அறிகுறிகள். கன்னம் உப்பி, வயிறு பெரிதாக இருப்பதால் “நல்லா கொழுகொழுன்னு இருக்கானே” என்று சொந்தக்காரர்கள் கொஞ்சுவார்கள். அந்த வயிறு வீங்கிய கல்லீரல்.

அது என்ன மாவு?

1929-ல் ஜெர்மனி மருத்துவர் வான் கியர்க்கே இந்த நோயை விவரித்தார். 1970-களில்தான், ராத்திரி முழுக்க மூக்கு வழிக் குழாயில் உணவு செலுத்தும் முறை வந்தது. 1984-ல் அமெரிக்க மருத்துவர்கள் எளிய வழி ஒன்றைக் காட்டினார்கள்: வேகவைக்காத கார்ன்ஃப்ளார். அது மெதுவாகச் செரித்து, சில மணி நேரத்துக்குக் குளுக்கோஸைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சுடுதண்ணீரில் கலந்தால் சீக்கிரம் செரித்துவிடும், பிரயோஜனம் இல்லை.

இங்கே நம் ஊரில் ஒரு குழப்பம் உண்டு. ‘சோள மாவு’ என்று கேட்டால் கடைக்காரர் வெள்ளைச் சோள மாவையோ, மஞ்சளான மக்காச்சோள மாவையோ கொடுத்துவிடலாம். இரண்டும் இது இல்லை. சூப்பைக் கெட்டியாக்கப் போடும் வழவழப்பான வெள்ளை கார்ன்ஃப்ளார்தான் வேண்டும். சிறு குழந்தைகளுக்கு, கிலோ எடைக்கு சுமார் 1.6 கிராம் என்பது வழக்கமான தொடக்கக் கணக்கு; அதாவது 15 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 24 கிராம். ஆனால் அளவையும் இடைவெளியையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கூடினாலும் கெடுதல்தான். கைக்குழந்தைகளுக்கு இந்த மாவு செரிக்காது என்பதால், முதல் வயதையொட்டித்தான் ஆரம்பிப்பார்கள்.

பாட்டி கொடுக்கும் ஒரு துண்டு வெல்லம்

சோறு, இட்லி, தோசைக்குத் தடை இல்லை. ஆனால் சர்க்கரை, வெல்லம், தேன், பழம், பால் எல்லாம் கட்டுப்பாட்டில்தான். அவற்றில் உள்ள ஃபிரக்டோஸ், கேலக்டோஸ் இரண்டும் அதே மூடிய கதவில் முட்டி, லாக்டிக் அமிலமாக மாறிவிடும். “ஒரு வாய் பாயசம் குடிச்சா என்ன ஆகிடும்” என்று கேட்கும் பாட்டியைச் சமாளிப்பது பல வீடுகளில் அலாரத்தை விடப் பெரிய வேலை. போதாக்குறைக்கு, மாவிலேயே வயிறு நிறைந்துபோவதால் பிள்ளைக்குச் சாப்பாட்டில் ஆசையே இருக்காது.

எல்.கே.ஜி. சேர்த்தால் டீச்சருக்கும் இந்த நேரக்கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பஸ் பயணம் என்றால் எடை போட்ட மாவுப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், குளுக்கோமீட்டர் மூன்றும் பையில் இருக்கும். வழக்கமாக சர்க்கரை 70-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

வாந்தி வந்தால்?

இதுதான் உண்மையான பயம். மாவு உள்ளே தங்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய் குளுக்கோஸ் டிரிப் ஏற்ற வேண்டும். சர்க்கரை குறைந்தும் சில குழந்தைகள் தெளிவாகவே இருக்கும். மூளை லாக்டேட்டை எரிபொருளாக்கிச் சமாளித்துக்கொண்டிருக்கும். அதனால் அவசரப் பிரிவில் “குழந்தை நல்லாத்தானே இருக்கு, உட்காருங்க” என்று சொல்லிவிடும் ஆபத்து உண்டு. இதற்காகவே சிகிச்சை தரும் மருத்துவரிடம் ஒரு அவசரக் கடிதம் வாங்கி எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். ‘ரிங்கர் லாக்டேட்’ ஏற்றக் கூடாது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

அம்மா, அப்பா இருவரிடமும் மாறிய மரபணு ஒன்று இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25% வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் கல்யாணம் செய்தவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல். ரத்தப் பரிசோதனையில் மரபணு மாற்றம் உறுதியாகிவிட்டால், அடுத்த கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே சோதித்துத் தெரிந்துகொள்ளலாம்.

உணவுமுறையால் கட்டுப்படாத சில குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்று தேவைப்படும். மத்திய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் இதுவும் இடம்பெற்றிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி பெறலாம். மற்றவர்களுக்கு, வயது ஏற ஏற இடைவெளி மெல்ல நீளும், அலாரமும் குறையும்.