முக்கால் சிறுதேர்: 1,800 வருஷத்துக்கு முந்தின ஒரு பொம்மை வண்டி

போன ரெண்டு எபிசோடும் துறைமுகம், கப்பல்னு போச்சு. இந்த வாரம் ஹீரோவோட உயரம் ரெண்டரை அடிதான். ஒண்ணு, ரெண்டு வயசுக் குழந்தைங்க நம்ம ஊர்ல எதை வெச்சு விளையாடினாங்க, அந்தச் சாமானை யார் செஞ்சு கொடுத்தாங்கன்னு பார்க்கப் போறோம்.

ஏன் திடீர்னு இதுன்னா, மாதவரத்துல எங்க அக்கா பொண்ணுக்கு ஒன்றரை வயசு. அக்கா போன்ல ஒரு ஆப் இருக்கு. குழந்தைக்கு இத்தனை மாசம் ஆச்சு, இந்த கிட் வாங்குங்கன்னு மாசாமாசம் தட்டி எழுப்பும். கிட்டுக்குள்ள தட்ட ஒரு டிரம், இழுக்க ஒரு வண்டி, அடுக்க நாலு கட்டை. வயசை மாசக் கணக்குல பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு விளையாட்டுன்னு ஸ்கூல்ல எங்கயோ படிச்சிருக்கோமேன்னு யோசிச்சேன். பிள்ளைத்தமிழ்!

மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின அந்தப் பத்துப் பருவத்தை இப்ப ஒரு தடவை திரும்பப் பாருங்க. செங்கீரைன்னா கையை ஊன்றி, தலையைத் தூக்கி ஆடறது. வழக்கமா சொல்ற கணக்குல அஞ்சாம் மாசம். சப்பாணின்னா கை தட்டறது, ஒன்பதாம் மாசம். வருகைன்னா தத்தித் தத்தி நடந்து வர்றது, ஒரு வயசு வாக்குல. அம்புலின்னா நிலாவை விளையாட வான்னு கூப்பிடறது. கவனிச்சீங்களா, இதுவரைக்கும் எதுக்கும் காசு ஆகலை. நமக்கு முழுசாக் கிடைச்சதுல பழைய பிள்ளைத்தமிழ், ஒட்டக்கூத்தர் 12ஆம் நூற்றாண்டுல இரண்டாம் குலோத்துங்க சோழன் மேல பாடினது. பாட்டுத் தலைவன் சக்கரவர்த்தி. ஆனா அவனைக் குழந்தையாக் கற்பனை பண்ணும்போது புலவருக்குக் கிடைச்ச அளவுகோல், எல்லா வீட்டுத் திண்ணையிலயும் நடந்த விளையாட்டுதான்.

கடைசி மூணு பருவத்துலதான் பிரிவினை வருது. ஆண் குழந்தைன்னா சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைன்னா அம்மானை, ஊசல், கூடவே நீராடலோ கழங்கோ, நூலுக்கு நூல் மாறும். சிற்றில்ங்கறது மணல்ல கட்டற குட்டி வீடு. கட்டறது பெண் பிள்ளைங்க, காலால எத்தி அழிக்கறது பாட்டோட ஹீரோ. "எங்க வீட்டை உடைக்காதே"ன்னு அந்தப் பொண்ணுங்க கெஞ்சற மாதிரி பாட்டு. இதை அழகுன்னு ரசிக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. எனக்கு எரிச்சல்தான் வருது. பொம்மைக் கடையில பிங்க் வரிசை, நீல வரிசைன்னு பிரிச்சு வெச்சிருக்கறதைத் திட்டற நாம, இதையும் கொஞ்சம் திட்டலாம். அக்கா பொண்ணு பால் பவுடர் டப்பாவைத் தட்டற வேகத்துக்கு, சிறுபறையை அவகிட்ட இருந்து பிடுங்க எந்தப் புலவராலயும் முடியாது.

சரி, சிறுதேருக்கு வருவோம். இதோட ரெக்கார்டு பிள்ளைத்தமிழுக்கும் ரொம்ப முன்னாடி, பத்துப்பாட்டுலயே இருக்கு. கடியலூர் உருத்திரங்கண்ணனார்னு ஒரு புலவர். பட்டினப்பாலையும் பெரும்பாணாற்றுப்படையும் அவர் பாடினதுதான். ரெண்டுலயும் ஒரு குழந்தை பொம்மைத் தேர் உருட்டுது. மனுஷனுக்கு இதுல ஒரு கண் இருந்திருக்கு!

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தோட பாட்டு. துறைமுக ஊர், நம்ம பக்கம் மாதிரி. முற்றத்துல தானியம் காயுது. கோழி கொத்த வருது. காவலுக்கு இருந்த பெண், காதுல போட்டிருந்த கனமான குழையையே கழட்டிக் கோழி மேல வீசறா. அந்தக் குழை, ஒரு சின்னப் பையன் குதிரையில்லாம உருட்டிட்டு வர்ற மூணு சக்கரத் தேரோட வழியை மறிச்சிடுது. அந்தப் பிள்ளையோட பாதைக்கு இருந்த ஒரே தடை அந்த நகைதான். எங்க தெருமுனையில கன்டெய்னர் லாரி நிக்குது. முற்றமும் இல்லை. அக்கா பொண்ணோட ஹைவே, ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவுல 14 டைல்ஸ்.

ஏன் மூணு சக்கரம்? இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதாவது சொல்லணும். மூணு புள்ளி எப்பவும் ஒரே தளத்துல உட்காரும். தரை மேடுபள்ளமா இருந்தாலும் மூணு சக்கரமும் தரையைத் தொடும். நாலுன்னா, ஒண்ணு கொஞ்சம் அளவு பிசகினாக்கூட ஆடும். கையால செதுக்கற சாமானுக்கு மூணுதான் புத்திசாலித்தனம். நம்ம நடைவண்டிக்கும் மூணே சக்கரம்.

பெரும்பாணாற்றுப்படைதான் எனக்கு முக்கியம். அது காஞ்சியில ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல பாடினது. அதாவது நம்ம தொண்டை நாடு. வசதியான உழவர் வீடு. குழந்தை தேரை உருட்டி உருட்டிக் களைச்சுப் போகுது, செவிலித்தாயைக் கட்டிக்குது, பால் குடிச்சுட்டுத் தூங்கிடுது. சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த வீட்லயும் நடக்கறதுதான். ஆனா புலவர் கூடவே ஒரு தகவல் வைக்கறார்: அந்தத் தேரைச் செஞ்சது தச்சர் வீட்டுச் சிறுவர்கள். பார்த்தா ஆசைப்படற மாதிரி செஞ்சாங்களாம். உருட்டற பையனுக்கு நடையே இன்னும் திடமாகலை. செய்யற பையன் அதுக்குள்ள தொழிலாளி. அந்தப் பையன் எதை வெச்சு விளையாடினான்? பாட்டு அதைச் சொல்லாம நகர்ந்துடுது.

அந்தப் பக்கத்துக் கதையை வடமொழியில ஒரு நாடகம் சொல்லுது. சூத்ரகர் எழுதின மிருச்சகடிகம். பேருக்கு அர்த்தமே மண் வண்டி. நொடிச்சுப் போன சாருதத்தனோட பையன், பக்கத்து வீட்டுப் பிள்ளையோட தங்க வண்டியை ஒரு தடவை பார்த்துட்டு, தனக்குச் செஞ்சு கொடுத்த மண் வண்டி வேண்டாம்னு அழறான். வசந்தசேனை தன் நகையைக் கழட்டி அவன் வண்டியில போட்டு, தங்க வண்டி செஞ்சுக்கோங்கறா. அந்த நகைதான் பின்னாடி கோர்ட்ல சாருதத்தனுக்கு எதிரான சாட்சியா வந்து நிக்கும். அக்காவோட ஆப் நோட்டிஃபிகேஷன் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த சீன்தான் ஞாபகம் வரும்.

காசில்லாத வீட்டுப் பிள்ளைங்க சும்மா உட்கார்ந்திருக்கலை. கீழடியில கிடைச்ச சாமான்கள்ல வட்டச் சில்லு நூத்துக்கணக்குல இருக்கு. உடைஞ்ச பானை ஓட்டை எடுத்து, ஓரத்தைத் தேய்ச்சு வட்டமாக்கினது. இன்னிக்கு 'அப்சைக்கிள்'னு ரீல்ஸ் போடறாங்களே, அதேதான். நுங்கு வண்டியும் அதே ரகம்: தின்னு முடிச்ச ரெண்டு குடுக்கை, நடுவுல ஒரு குச்சி, தள்ள ஒரு கவட்டை.

போன ஞாயித்துக்கிழமை நாங்களும் ஒண்ணு செஞ்சோம். பார்சல் வந்த அட்டைப்பெட்டி, பெரிய ஊறுகாய் ஜார் மூடி மூணு, அச்சுக்குப் பழைய பென்சில் ரெண்டு. பின்னாடி ரெண்டு சக்கரம், முன்னாடி நடுவுல ஒண்ணு. சோடா பாட்டில் மூடி வேண்டாம். டிஷ்யூ ரோலுக்குள்ள இருக்கற அட்டைக் குழாய் வழியா நுழையற எதையும் மூணு வயசுக்குக் கீழ கையில கொடுக்கக் கூடாது, தொண்டையில சிக்கிக்கும். இழுக்கற கயிறும் ஒரு ஜாண் போதும், நீளமா இருந்தா கழுத்துல சுத்திக்கும். சிற்றிலுக்குத் தாம்பாளத்துல ரவை. கட்டறதும் அவளே, உடைக்கறதும் அவளே.

அக்கா அந்த மாசச் சந்தாவை இன்னும் நிறுத்தலை. அந்த கிட் வந்த அட்டைப்பெட்டியிலதான் தேர் செஞ்சோம். உங்க வீட்ல சின்ன வயசுல என்ன செஞ்சு விளையாடினாங்கன்னு பாட்டிகிட்ட கேட்டு, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சேர்க்கறேன்.